கரும்பும் கப்பலும் வராமல் அடையாளத்தை எழுத முடியுமா?

கேள்வி நீளமானது. பின்னால் வந்து வாசிப்பவர்களுக்காகச் சுருக்கித் தருகிறேன். கேட்டவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவர், ஐந்தாம் தலைமுறை. ஆங்கிலத்தில் கவிதை எழுதுகிறார். வீட்டுத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், வாசிப்பது எழுத்துக்கூட்டித்தான். அடையாளம் பற்றி எதை எழுத உட்கார்ந்தாலும் கரும்பு, கப்பல், ஆயாவின் (பாட்டியின்) புடவை என்று போய் முடிகிறது. பயிலரங்கில் "இதை நிறையக் கேட்டுவிட்டோம்" என்கிறார்களாம். இன்றைய கவிஞர்கள் அடையாளத்தையும் சமூகத்தையும் எப்படி எழுதுகிறார்கள், ஆங்கிலத்தில் எழுதுவது தமிழ்க் கவிதையில் சேருமா, குடும்பத்து ஆட்களை எழுதலாமா என்று கேட்டிருக்கிறார். தான் எழுதிய நான்கு வரிகளையும் கொடுத்திருக்கிறார். தமிழில் அவை இப்படி வரும்:

நான் கரும்பின் பேத்தி,
கடலின் மகள்,
என் நரம்பில் இந்தியப் பெருங்கடல்,
என் நெற்றியில் ஆயாவின் குங்குமம்.

இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது: என்னைப் பற்றியே எழுதியும் இதில் என் குரல் ஏன் கேட்கவில்லை? கரும்பையும் கப்பலையும் விலக்கி வைப்பதால் இது தீராது. அந்த இடத்தில் மல்லிகையும் மசாலாவும் வந்து உட்கார்ந்துகொள்ளும். எளிய சோதனை ஒன்று உண்டு. கவிதையை மொரிஷியஸ்காரர் எழுதியதாக நினைத்துப் படியுங்கள், பிறகு பிஜிக்காரர், பிறகு கயானாக்காரர். மூன்று பேருக்கும் ஒரு சொல்கூட மாற்றாமல் பொருந்தினால் அந்தக் கவிதையில் நீங்கள் இன்னும் நுழையவில்லை. மேலே உள்ள நான்கு வரிகளும் மூன்று ஊருக்கும் அப்படியே பொருந்துகின்றன. ஆயாவின் குங்குமம் ஒன்றில்தான் கொஞ்சம் உயிர் இருக்கிறது, அதுவும் யாருடைய ஆயா என்று தெரியாததால் பாதியில் நின்றுவிடுகிறது.

இந்த அச்சு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதிலிருந்து விடுபடுவது சுலபம். பிஜித் தீவுக் கரும்புத் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட பாட்டைப் பாரதி பாடினார். தமிழ் வாசகர்கள் அந்தப் பாட்டின் வழியாகத்தான் கரும்புத் தோட்டத்தைப் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். தொலைவில் இருந்து கேள்விப்பட்டுப் பதறி எழுதிய பாட்டு அது, அந்தப் பதற்றம் உண்மையானது. அதில் பெண் விம்முகிறாள், கவி இரங்குகிறார். நீங்களோ அவள் வயிற்றில் வந்தவர். அவளைப் பார்த்து இரங்கும் இடத்தில் நீங்களும் போய் நின்றால் குரல் கடன் வாங்கியதாகத்தான் ஒலிக்கும். இரண்டாவது அச்சு அண்மைக்காலத்தது. மொரிஷியஸ் கவிஞர் கால் தோராபுல்லி 1992-இல் பிரெஞ்சில் வெளியிட்ட தொகுப்பின் வழியே 'கூலிட்யூட்' என்ற கருத்தை முன்வைத்தார். 'கூலி' என்று இழிவாக வீசப்பட்ட பெயரையே எடுத்து, கடல் கடந்த எல்லாருக்கும் பொதுவான ஒரு நினைவாக மாற்றினார். வேருக்குப் பதிலாகப் பவளத்தை அவர் படிமமாக்கியது பெரிய காரியம். வேர் ஒரே மண்ணைப் பிடித்துக்கொள்ளும், பவளம் பல உயிர்கள் ஒட்டி ஒட்டி நீரோட்டத்தில் வளர்வது. ஆனால் அவர் தேடிக் கண்ட படிமம் இன்று தேடாதவர்கள் கையிலும் இருக்கிறது. கடல், பவளம், தழும்பு, வேர் என்ற நான்கு சொற்களை வைத்து யாரும் பத்து நிமிடத்தில் ஒரு கவிதை கட்டிவிடலாம் என்றாகிவிட்டது.

இதற்கு நான் சொல்லும் முதல் வழி ஆவணம். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தது முதல் 1911 வரை, கூலி ஒப்பந்தத்தில் நேட்டாலுக்கு (டர்பன் இருக்கும் பகுதி, அன்று பிரிட்டிஷ் காலனி) வந்தவர்கள் ஏறத்தாழ 1,52,000 பேர். ஒவ்வொருவருக்கும் 'காலனி எண்' என்று ஓர் எண் உண்டு. கப்பல் பட்டியலில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உயரம், உடலில் உள்ள குறிகள் என்று பத்திகள் இருக்கும். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் தேடத் தொடங்கலாம். வீட்டில் பழைய பிறப்பு, திருமணப் பத்திரங்கள் இருந்தால் அவற்றில் காலனி எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. வெறும் பெயரை வைத்துத் தேடினால் முனியம்மாக்களுக்கும் முனுசாமிகளுக்கும் முடிவே இருக்காது.

பட்டியலில் எல்லாவற்றையும் ஒரே அளவில் நம்பக் கூடாது. கப்பல், தேதி, எண் ஆகியவை உறுதியானவை. உடற்குறிகள் ஆளை அடையாளம் காண்பதற்காகவே எழுதப்பட்டவை, அதனால் பெரும்பாலும் சரியாக இருக்கும். வயது தோராயம். பெயர் எழுத்தரின் காதில் விழுந்தபடி. சாதிப் பத்திதான் மிகவும் தடுமாறும். சில இடங்களில் மதத்தின் பெயரோ 'மலபார்' என்ற பொதுப்பெயரோ சாதியாக எழுதப்பட்டிருக்கும். அந்தப் பத்தியின் மேல் ஒரு கவிதையைக் கட்டினால் கால் நழுவும். அவள் ஏன் கப்பலேறினாள் என்பது எந்தப் பத்தியிலும் இல்லை. தோண்டினால் தங்கம் என்று ஆசைகாட்டி ஏற்றிவந்தார்கள் என்ற கதை பல குடும்பங்களில் உண்டு. சிலரை ஏமாற்றி ஏற்றியது உண்மை. பஞ்சத்துக்குத் தப்பியவர்கள் உண்டு, கணவனை விட்டு வந்தவர்கள் உண்டு, தெரிந்தே மறுமுறை கையெழுத்திட்டவர்களும் உண்டு. உங்கள் ஆள் எந்த வகை என்பதற்கு ஆவணம் இல்லையென்றால், கவிதையில் 'என்று சொல்வார்கள்' என்ற இரண்டு சொற்களை விட்டுவிடாதீர்கள். அந்த இரண்டு சொற்கள் கவிதையைப் பலவீனமாக்காது. சொல்பவர்களும் கேட்பவர்களும் சேர்ந்து உள்ளே வந்துவிடுவார்கள்.

உங்கள் நான்கு வரிகளை இந்த வழியில் திருப்பிப் பார்க்கலாம். மாதிரிக்காகத்தான் எழுதுகிறேன், குறியை உங்கள் பட்டியலில் உள்ளபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

வலது முழங்கைக்கு மேல் சுட்ட தழும்பு
என்று எழுதியிருக்கிறது.
எந்த அடுப்பு என்று
எழுதவில்லை.

இதில் 'நான்' இல்லை, கடல் இல்லை, உறவுமுறை கூட இல்லை. இருப்பது ஒரு பதிவும் ஒரு விடுபடலும். இதைக் கவனித்தது யார் என்று வாசகர் தானாகவே கேட்பார். அப்போது நீங்கள் உள்ளே இருப்பீர்கள். நான்காவது வரிக்குப் பிறகு 'அது என் அடுப்பு' என்றோ 'அந்தத் தழும்பு எனக்கும் இருக்கிறது' என்றோ எழுதக் கை துடிக்கும். அந்த வரியை எழுதிவிட்டு அடித்துவிடுங்கள். தொண்ணூறு சதவீதம் கெடுவது அங்கேதான். கண்டதைச் சொல்லி முடித்த பிறகு, கண்டதற்கு என்ன பொருள் என்று நாமே விளக்கப் போவது.

சமூகத்தை எழுதுவது என்றால் கோபத்தை எழுதுவது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கை எழுதுவது அதைவிடக் கூர்மையானது. புறநானூற்றின் 184-ஆம் பாட்டைப் பாருங்கள். பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு வரி பற்றிச் சொல்கிறார்: விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் 'மா' என்ற பழைய நில அளவில் ஒன்றுக்கும் குறைந்த நிலம் யானைக்குப் பல நாள் வரும், யானை தானே வயலில் புகுந்தால் நூறு வயல் இருந்தாலும் வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவதுதான் அதிகம். திட்டும் சொல் ஒன்றுகூடக் கிடையாது, அளவுதான் இருக்கிறது. நேட்டாலின் கணக்கை இதன் பக்கத்தில் வையுங்கள். ஒப்பந்தக் கூலி முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங், ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடி ஐந்தாம் ஆண்டில் 14. ஒப்பந்தம் முடித்து, ஊர் திரும்பாமலும் மறுபடி கையெழுத்திடாமலும் இங்கேயே இருப்பவர்கள் மேல் 1895-ஆம் ஆண்டுச் சட்டம் போட்ட வரி ஆண்டுக்கு மூன்று பவுன், அதாவது 60 ஷில்லிங். கடைசி ஆண்டுக் கூலியில் கணக்கிட்டாலும் நான்கு மாதச் சம்பளத்துக்கு மேல். பிறகு பதின்வயதுப் பிள்ளைகள் மேலும் அது விழுந்தது. 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914-இல்தான் நீங்கியது. இந்த எண்களை வைத்துப் பிசிராந்தையாரின் நிதானத்தில் எழுதிய கவிதை ஒன்று நம்மிடம் இருக்க வேண்டும். இதுவரை என் கண்ணில் படவில்லை.

பிசிராந்தையார் பாட்டின் துறைக்குச் செவியறிவுறூஉ என்று பெயர், அரசனின் காதில் விழும்படி எடுத்துச் சொல்வது. யார் காதில் விழ எழுதுகிறோம் என்பதுதான் இன்றைய அடையாளக் கவிதைகளில் பெரும்பாலும் தீர்மானிக்கப்படாமல் போவது. உங்கள் நான்கு வரிகள் யாரிடம் பேசுகின்றன? வெள்ளைக்காரப் பேராசிரியரிடமா, சென்னையில் இருப்பவரிடமா, ஆயாவிடமா, பக்கத்து ஊரான உம்லாஸியில் இருக்கும் ஜுலு நண்பரிடமா? பதில் மாறினால் ஒவ்வொரு சொல்லும் மாறும். ஆயாவிடம் பேசும் கவிதையில் 'ஆயாவின் குங்குமம்' என்று வரவே வராது, 'நீ வைத்த பொட்டு' என்றுதான் வரும். இதைக் கற்றுக்கொள்ள நீங்கள் இருக்கும் மாநிலத்தைவிட நல்ல இடம் கிடையாது. ஜுலு மரபின் இஸிபோங்கோ, கூட்டத்தின் நடுவே ஆளை நேரே விளித்துப் பாடுவது. பட்டப்பெயர்களை அடுக்கிப் புகழும். புகழ்ச்சிக்கு நடுவே குற்றத்தையும் சொல்லும், அந்த உரிமை அதைப் பாடும் புலவரான இம்போங்கிக்கு உண்டு. அரசரைப் புகழ்ந்து பாடும் பாடாண் திணை தெரிந்தவருக்கு இது உறவுக்காரர் வீடு போலத் தெரியும். டர்பன் டன்லப் ஆலையில் வேலைபார்த்த ஆல்ஃப்ரெட் டெம்பா கபுலா 1980-களில் அந்த மரபை எடுத்துத் தொழிற்சங்கத்தின் மேல் பாடினார். அரசனுக்குரிய இடத்தில் தொழிலாளர் அமைப்பை வைத்தார், அதை எச்சரிக்கவும் செய்தார். கபுலா, மி ஹ்லாட்ஷ்வாயோ, நீசே மலாங்கே மூவரின் கவிதைகளும் 1986-இல் ஒரே நூலாக ஆங்கிலத்தில் வந்தன. கிடைத்தால் சத்தமாகப் படியுங்கள், கண்ணால் மட்டும் வாசித்தால் பாதிதான் தெரியும்.

கவிதைக்கு இந்த நாட்டில் விலை இருந்திருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்த கறுப்பு உணர்வு இயக்கத்தவர் ஒன்பது பேர் மேல் 1975-76-இல் நடந்த வழக்கில் கவிதைகளும் நாடகங்களும் அரசுத் தரப்பின் சான்றுகளாக வைக்கப்பட்டன. சிறை சென்றவர்களில் ஸ்ட்ரினி மூட்லியும் சத்ஸ் கூப்பரும் உண்டு. இருவரும் டர்பன் இந்தியர்கள், தங்களைக் 'கறுப்பர்' என்று அழைத்துக்கொண்டவர்கள். அடையாளம் பிறப்பில் வருவது மட்டுமா, பக்கம் சேர்ந்து எடுத்துக்கொள்வதுமா என்ற கேள்விக்கு அவர்கள் தந்த பதில் அது. இன்றைய இளம் கவிஞர்கள் அந்தப் பதிலோடு முரண்படலாம், தெரியாமல் கடந்துபோவதுதான் இழப்பு.

இனி சொல்வது என் வாசிப்பு, மறுப்பவர்கள் மறுக்கலாம். நம்மவர்கள் எழுதும் அடையாளக் கவிதைகளில் பெரிய குறை, அதில் நாம் மட்டுமே இருப்பது. வெள்ளை முதலாளி ஒரு நிழலாக வருவார். ஜுலு மக்கள் வருவதே இல்லை. கரும்புக்காடு யார் நிலம்? ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே மூண்ட 1949 ஜனவரிக் கலவரத்தில் டர்பனில் 142 பேர் இறந்தார்கள், இரு பக்கமும். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப்பகுதிச் சட்டம் 1950-இல் வந்து, கேட்டோ மேனரிலிருந்து இந்தியர்களையும் ஆப்பிரிக்கர்களையும் பெயர்த்தது. நம்மைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பிய அதே கை அவர்களைக் குவாமாஷுவுக்கு அனுப்பியது. 2021 ஜூலையில், இந்தியர்கள் பெரும்பான்மையாக வாழும் ஃபீனிக்ஸில் கறுப்பின மக்கள் கொல்லப்பட்டார்கள். பாதிக்கப்பட்டவர் என்ற ஒரே வேடத்தில் எழுதப்படும் கவிதை இந்த வரலாற்றைத் தாங்காது. ஒரு கவிதையிலாவது உங்கள் குடும்பம் வலிமையுள்ள பக்கத்தில் நிற்கட்டும். கடைக்கு உள்ளே, பஸ்ஸின் ஓட்டுநர் இருக்கையில், பூட்டிய கேட்டுக்கு இந்தப் பக்கம். எழுதக் கூச்சமாக இருக்கும், அந்தக் கூச்சத்தில்தான் சொல் உண்மையாகும். தென்னாப்பிரிக்கக் கவிஞர் கொலேகா புடுமாவின் தண்ணீர் பற்றிய கவிதையை இதோடு சேர்த்துப் படியுங்கள். 2017-இல் வந்த அவருடைய முதல் தொகுப்பில் இருக்கிறது. கறுப்பின மக்களுக்குக் கடல் என்னவாக இருக்கிறது என்று பேசும் கவிதை. நம் கப்பல் கவிதைகளில் வரும் கடலுக்கு வேறு சொந்தக்காரர்களும் உண்டு என்று அதைப் படித்தால் உறைக்கும்.

ஆங்கிலத்தில் எழுதுவது பற்றி நேராகவே சொல்கிறேன். ஆங்கிலத்தில் எழுதியது தமிழ் மொழிக் கவிதை ஆகாது. தமிழர் கவிதை ஆகும், அதற்காகக் கூனிக் குறுக வேண்டியதில்லை. 1996 அரசமைப்புச் சட்டத்தின் ஆறாம் பிரிவு தமிழைப் பெயர் சொல்லி, மதிக்கப்பட வேண்டிய சமூக மொழிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆட்சிமொழிப் பட்டியலில் அது இல்லை. வீட்டிலும் பெரும்பாலும் ஆங்கிலம்தான். இந்த நிலையை அப்படியே எழுதுவதுதான் நேர்மை. டர்பனில் பிறந்த பிரான்சின் சைமன் தன் முதல் தொகுப்புக்குத் 'துங்காச்சி' என்று பெயர் வைத்தார், 2017, உஹ்லாங்கா வெளியீடு. தங்கச்சிதான், ஆனால் டர்பன் வாயில் வருகிறபடி. சென்னை எழுத்துக்கூட்டலுக்கு அவர் அதைத் திருத்தவில்லை, சரியான முடிவு. உங்களுக்கும் அதையே சொல்வேன்: வீட்டில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படி எழுதுங்கள், சாய்வெழுத்து வேண்டாம், அடிக்குறிப்பு வேண்டாம். இருபது வரிக் கவிதைக்கு இரண்டு மூன்று தமிழ்ச் சொற்கள் போதும், மிஞ்சினால் நான்கு. அவற்றில் ஒன்றாவது சாப்பாட்டோடும் சாமியோடும் சேராததாக இருக்கட்டும். அதட்டும் சொல், கெஞ்சும் சொல், சீட்டாட்டத்தில் கத்தும் சொல். உணவுப் பெயர்கள் மட்டுமே தமிழாக இருந்தால் மொழி அலமாரிப் பொம்மையாகிவிடும். தமிழில் எழுதிப் பழக விரும்பினால் சேரன், சிவரமணி ஆகிய ஈழக் கவிஞர்களிடமிருந்து தொடங்குங்கள். சொற்கள் எளியவை, வாக்கியம் குட்டையானது, எழுத்துக்கூட்டி வாசிப்பவருக்கும் எட்டும். பிறகு சுகிர்தராணி, சல்மா, குட்டி ரேவதி. உடலையும் சாதியையும் எழுதியதற்காக இவர்கள் வாங்கிய வசவும், அதற்குப் பிறகும் எழுதியதும், சமூகத்தோடு கவிதை மோதுவது என்றால் என்ன என்று காட்டும்.

பயிற்சியாக ஒன்று செய்யுங்கள். திணைக்குரிய கருப்பொருள்களைத் தொல்காப்பியம் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று எண்ணும். எட்டையும் ஒரு தாளில் கீழே கீழே எழுதி, எதிரே உங்கள் யூனிட்டில் (சாட்ஸ்வொர்த்தின் குடியிருப்புப் பிரிவு) இருப்பதை நிரப்புங்கள். குறிஞ்சியும் நெய்தலும் வேண்டாம், ஹிக்கின்சன் நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம் இருப்பது மட்டும். பறவைக்கு ஹடீடா வரலாம், விடியலில் அது கத்துவதை விவரிக்க வேண்டியதில்லை, யார் தூக்கம் கலைந்தது என்பது போதும். விலங்குக்குக் கூரையில் ஏறும் குரங்கு. பறைக்குக் கோயில் உறுமி. இல்லை, பக்கத்து வீட்டு ஸ்பீக்கர். யாழுக்கு என்ன என்று ஒரு வாரம்கூட யோசிக்கலாம். நிரப்பியதும், இணையத்தில் தேடி எவரும் எழுதக்கூடியவற்றை அடித்துவிடுங்கள். பொதுவாக ஐந்து போய் மூன்று நிற்கும். அந்த மூன்றை வைத்து 16 வரிக்குள் ஒரு கவிதை. 'நான்', 'என்' இரண்டும் சேர்ந்து இரண்டு முறைக்கு மேல் வரக் கூடாது. 'அடையாளம்', 'வேர்', 'மூதாதையர்' ஆகிய மூன்று சொற்களும் தடை. ஒருநாள் கழித்து உரக்கப் படியுங்கள், மூச்சு தட்டும் இடத்தில் வரியை உடையுங்கள். மேடைச் சுற்றுகளில் வழக்கமாக 3 நிமிடம்தான் தருவார்கள். ஆங்கிலத்தில் ஏறத்தாழ 350 சொற்கள், தமிழில் நம் சொற்கள் நீளம் என்பதால் 250-க்குள். நேரம் மீறினால் கடைசியை வெட்டாதீர்கள், தொடக்கத்தை வெட்டுங்கள். கவிதை பெரும்பாலும் ஐந்தாம் வரியில்தான் தொடங்கியிருக்கும். ஆண்டுதோறும் டர்பனில் நடக்கும் பொயட்ரி ஆப்பிரிக்கா விழாவில் போய்க் கேளுங்கள், 1997 முதல் நடக்கிறது. மற்றவர்கள் எந்த இடத்தில் மூச்சு விடுகிறார்கள் என்று கவனித்தாலே பாதி வரியுடைப்பு கைக்கு வந்துவிடும்.

குடும்பத்தை எழுதுவது பற்றிக் கடைசியாக. இறந்தவர்களைப் பெயர் சொல்லி எழுதலாம், ஆனால் அவர் பிள்ளைகளில் மூத்தவர் ஒருவருக்காவது முன்கூட்டிப் படித்துக் காட்டிவிடுங்கள். உயிரோடு இருப்பவரின் நோய், திருமண முறிவு, சாதி பற்றி எழுதினால், அச்சுக்கோ மேடைக்கோ போகுமுன் அவரிடம் கொடுத்துவிட வேண்டும். தமிழோ ஆங்கிலமோ, அவருக்குப் புரியும் மொழியில் வாய்விட்டுப் படியுங்கள். வேண்டாம் என்றால் வெளியிடாதீர்கள், கையில் வைத்திருங்கள். அத்தையைச் சித்தியாக மாற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. சொந்தக்காரர்கள் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். மாற்றினால் தொழிலையும் ஊரையும் சம்பவத்தின் காலத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும், அப்படி மாற்றியும் கவிதை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கொள்ளுப்பாட்டியின் காலனி எண்ணை வரியில் வைக்கலாம், அது பொது ஆவணம். இன்று இருப்பவரின் யூனிட் எண்ணும் சாலைப் பெயரும் மட்டும் வேண்டாம்.